ஓக் மரத்துக்குள் ஒரு மெழுகுவத்தி

1

இன்று கல்லறைத் திருநாள். ராயபுரத்தில் இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் இந்நேரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியிருப்பீர்கள். நானும் போய்த் திரும்பினேன். நான் போனது இங்கிலாந்தில், இரும்பு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்கு. அங்கே ஓர் ஓக் மரம் நின்றிருந்தது. இப்போது அதன் அடிக்கட்டைதான் இருக்கிறது. போன வருஷம் இதே நாளில் அந்த மரத்துக்கு வினை வைத்தவன் நான்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். ராணி வீட்டைப் பார்த்ததைப் பற்றி எழுதுகிறார்கள். நான் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பனி என்பது பூட்ஸுக்குள் போகிற சேறு. ராணி வீட்டை நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது உலை, பஸ், கியூ, ஃபாரம், இந்தக் காடு. காட்டைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும். இதில் நல்ல செய்தி எதுவும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

ஊரில் இருந்தவரை மரம் என்றால் எனக்குப் படுத்துக் கிடப்பது. துறைமுகத்தில் மரக்கட்டை இறக்குகிற கும்பலில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். அந்தமான் மரம், பர்மா தேக்கு எல்லாம் கப்பலில் வரும். கட்டைக்குச் சங்கிலி போட்டுக் கிரேனுக்குக் கொடுப்பது என் வேலை. சங்கிலி ஒரு சாண் தள்ளி விழுந்தால் கட்டை தலைகுப்புறச் சாயும். கீழே நிற்பவன் கதை முடிந்தது. அதனால் எந்தக் கட்டையைப் பார்த்தாலும் அதன் எடை எங்கே நிற்கிறது என்று கண் தானாகத் தேடும். அதற்கு மேல் மரத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

என்னோடு ஜோடியாக வேலை செய்தவன் காதர், வண்ணாரப்பேட்டைக்காரன். ஒரு நாள் பெரிய தேக்குக் கட்டை ஒன்றின் மேல் நாங்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் கட்டையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னான்.

"மாமு, இது நின்னுகினு இருந்தப்போ எத்தினி காக்கா குந்திருக்கும். இப்போ நீயும் நானும் குந்திகினு கீறோம். மரத்துக்கு வந்த பேஜாரப் பாரு."

சிரித்தோம். எங்கள் கும்பலில் நிற்கிற மரத்தை நினைத்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். நாங்கள் இருந்த தெருவில் மரமே கிடையாது. கல்மண்டபம் பக்கம் ஒரு பூவரசு இருந்தது. லாரிக்காரர்கள் அதில் பழைய டயர்களைச் சாய்த்து வைப்பார்கள். நிலக்கரித் தூசு படிந்து அதன் இலை பாதி நாள் கறுப்பாகத்தான் இருக்கும்.

அந்தப் பதினான்கு வருஷத்தில் மூன்று நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கப்பலை அவசரமாகக் காலி செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்து வேலை செய்தோம். என் பையன் சேவியருக்குத் தொண்டை அடைப்பான் நோய் கண்டிருந்தது. ரெஜினா ஆள் அனுப்பினாள். நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாளும் ஆள் அனுப்பினாள். மூன்றாம் நாள் போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். வயது ஆறு.

ரெஜினா என் மனைவி. அன்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "கட்டயெல்லாம் எறக்கியாச்சா?" அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பிள்ளையின் பெயர் அவள் வாயில் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நான் இங்கிலாந்துக்குச் சீட்டு வாங்கிக் கிளம்பினேன். அப்போது எங்களுக்கு ஸ்டெல்லா பிறந்து எட்டு மாதம். பிழைக்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். துறைமுகத்துக்குத் தினமும் போக முடியவில்லை என்பதுதான் உண்மை.

3

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஏழு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் குறட்டை விடுவார்கள், ஒருவன் அழுவான். தாங்காமல் வெளியே நடந்தேன். தொழிற்சாலை மதிலை ஒட்டி ஒரு பாதை போனது. போய்ப் பார்த்தால் காடு.

இத்தனை மரம் நின்றுகொண்டிருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முதலில் பயமாக இருந்தது. கண் பழைய வேலையைச் செய்தது. இதற்கு ஒரு சங்கிலி, இதற்கு இரண்டு, இது கோணல், கவனமாகத் தூக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரம் நடந்த பிறகு அது தானாக நின்றது.

தொழிற்சாலையில் எனக்கு நிற்க இடம் கிடையாது. அரோ, அங்கே போ. அரோ, வழியில் நிற்காதே. ஆரோக்கியம் என்ற என் பெயரில் பாதியைக்கூட அவர்கள் சொல்வதில்லை. காட்டில் எங்கே நின்றாலும் வழியில் நிற்கிறாய் என்று யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் மறு வாரமும் போனேன். பிறகு ஒவ்வொரு வாரமும்.

அந்த ஓக் மரத்தை மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ பார்த்தேன். நாலு பேர் கைகோத்தாலும் பிடிக்க முடியாத பருமன். அடியில் வாசல் மாதிரி ஒரு திறப்பு. உள்ளே பொந்து. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று அதற்குள் நிமிர்ந்து நிற்கலாம். பார்த்த உடனே அதுதான் தோன்றியது. ஏன் தோன்றியது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நகரசபை அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ள ஆர்தர் என்ற ஆளை வைத்திருந்தது. என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசமாட்டான். இந்த மரம் செத்துக்கொண்டிருக்கிறதா என்று ஒரு நாள் அவனைக் கேட்டேன். அவன் மரத்தைக் கையால் தட்டினான். சாகவில்லை, நடுவில் இருந்தது எப்போதோ செத்துப்போன கட்டை, அது உளுத்துக் கொட்டினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில் என்று சொன்னான். நடுவே ஒன்றும் இல்லாமல் எத்தனையோ காலம் நிற்கும் என்றான்.

அவனுக்கு அது சாதாரணப் பேச்சு. நான் அறைக்குத் திரும்பி வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இருந்தும் ஷிப்டுக்குப் போகிறேன், சோறு தின்கிறேன், கடிதம் போடுகிறேன். அப்படி ஒரு சங்கதி உலகத்தில் இருக்கிறது, அதற்குச் சித்திரை வைகாசியில் இலையும் வருகிறது என்று கண்ணால் பார்த்தேன். எந்தப் பிரசங்கமும் எனக்கு அதைச் செய்யவில்லை.

நாலு வருஷம் கழித்து ரெஜினாவும் ஸ்டெல்லாவும் வந்தார்கள். ரெஜினாவை ஒரு தடவை காட்டுக்கு அழைத்துப் போனேன். மரத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இன்னாய்யா இது, சுடுகாடு மாதிரி கீது. இத்தக் காட்டத்தான் இட்டுகினு வந்தியா? வூட்டுக்குப் போலாம் வா."

பொந்தை அவள் பார்த்தாள். பார்த்ததால்தான் போகலாம் என்றாள். அதற்குப் பிறகு நான் தனியாகவே போனேன். ஸ்டெல்லா வளர்ந்த பிறகு பள்ளித் தோழிகளோடு அதே காட்டில் ஓடி விளையாடினாள். அவளுக்கு அது அவளுடைய காடு. வீட்டில் நாங்கள் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ராயபுரத்தைப் பற்றிப் பேசும்போது "உங்கள் நாடு" என்பாள்.

4

ஊரில் எங்கள் கல்லறைகளுக்குத் தலைமாட்டில் செங்கல்லால் ஒரு சின்ன மாடம் கட்டுவோம். காசிமேட்டுப் பக்கமிருந்து வருகிற காற்றில் மெழுகுவத்தி நிற்காது, அதனால். திருநாள் அன்று சுண்ணாம்பு அடித்து, மாடத்துக்குள் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்துவிடுவோம். அதை ஊதி அணைக்கக் கூடாது. அது எரிந்து தானாகத் தீர வேண்டும். கல்லும் மணலும்தான் சுற்றி இருக்கும், பயம் கிடையாது. இது உங்களுக்குத் தெரியும். இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியாது. பிறகு நடந்தது புரிய வேண்டும் என்றால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே வந்ததிலிருந்து ஒவ்வொரு திருநாளுக்கும் அந்த ஓக் மரத்தின் வேர் மேல் ஒரு மெழுகுவத்தி வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் காற்றோ மழையோ அதை அணைத்தது. ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம்கூட நின்றதில்லை. அதனால் என்ன என்று விட்டுவிடுவேன். அங்கே என் தம்பி மரியதாஸ், சேவியரின் கல்லறையில் ஏற்றியிருப்பான். உண்மையானது அதுதான். இங்கே நான் வைப்பது என் ஆறுதலுக்கு.

போன வருஷம் அக்டோபரில் மரியதாஸிடமிருந்து கடிதம் வந்தது. அவன் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்லவன்தான். பேசுகிற மாதிரியே எழுதுவான்.

"அண்ணே, கோவிச்சிக்காத. என் மாமனார் செத்துட்டாரு. தோட்டத்துல எடம் இல்ல. நம்ம புள்ள குழியத்தான் தொறந்தோம். வருசம் ஆயிட்ச்சி, தொறக்கலாம்னு பங்கு சாமியாரும் சொல்லிட்டாரு. இருந்தத வெள்ளத் துணியில கட்டி மாமனாரு கால்மாட்ல வெச்சிட்டோம். பேர் போட்ட சிலுவய எட்த்துட வேண்டியதாப் பூட்ச்சி."

டீ இடைவேளையில் படித்தேன். கடிதத்தை உலையில் போட்டேன்.

மரியதாஸ் தப்பு செய்யவில்லை. எங்கள் தோட்டத்தில் செத்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராகத்தான் கிடக்கிறார்கள். வருஷம் ஆனால் குழியைத் திறப்போம், எலும்பைத் துணியில் கட்டுவோம், புதியவரை இறக்குவோம். என் சொந்த அத்தையின் குழியைத் திறந்தபோது துணியை விரித்துப் பிடித்தவன் நான். வெளியே வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அடுத்தவன் பிள்ளை என்றால் இதுவும் எனக்கு நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் யாரோ ஒரு கிழவனின் கால்மாட்டில் ஒரு மூட்டையாக என் பிள்ளை கிடக்கிறான். பெயர் இல்லை. அந்த மாடத்தில் இனிமேல் ஏற்றுகிற மெழுகுவத்தி கிழவனுக்கு.

ஆக, அவனுக்கென்று பூமியில் மீதி இருந்தது அந்த ஓக் மரம் மட்டும்தான். இந்தத் தடவை மெழுகுவத்தி அணையக் கூடாது என்று முடிவு செய்தேன்.

5

காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்குப் போனேன். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் மழையே இல்லை. காற்று அடித்தது. வேரின் மேல் வைத்தால் நிற்காது. பொந்துக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே காற்று இல்லை. எங்கள் மாடம் மாதிரியே இருந்தது. உள்ளே ஒரு மேடு பார்த்து மெழுகுவத்தியை நட்டேன். சுடர் அசையாமல் நின்றது.

பதினான்கு வருஷம் கட்டையோடு வாழ்ந்தவன் நான். உளுத்துக் காய்ந்து பொடியாகிக் கிடக்கிற மரம் எப்படி நெருப்புப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கிடங்கில் பீடியைக் கீழே போட்டவனை நானே அடித்திருக்கிறேன். அன்று அந்த நினைவு வரவில்லை. முழங்கால் போட்டு ஜெபம் சொன்னேன். முதல் தடவையாக முழுதும் சொன்னேன். எழுந்து, மெழுகுவத்தியை அணைக்காமல் விட்டுவிட்டு நடந்தேன். அணைக்கிற எண்ணமே வரவில்லை. கல்லறை மெழுகுவத்தியை யார் அணைப்பார்கள்?

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மரங்களுக்கு மேல் புகை தெரிந்தது. ஓடினேன். பொந்து அடுப்பு மாதிரி உறுமியது. மேலே முறிந்த கிளை வழியாகத் தீ வந்துகொண்டிருந்தது. யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. தண்ணீர் அடித்தார்கள். நான் மரத்தை நோக்கிப் போனேன். ஓர் ஆள் என்னைப் பிடித்து இழுத்தான். சின்னப் பையன் முகம், ஹெல்மெட் பெரிது.

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கத்திக் கேட்டான்.

"மை சன்" என்றேன்.

வயது என்ன என்றான். ஆறு என்றேன்.

என் இங்கிலீஷ் மோசம் என்று நான் சாக்குச் சொல்லவில்லை. அவன் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் சொன்னதும் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் அதுதான் என் வாயில் வந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் வேலை செய்த மாதிரி யாரும் செய்து நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. கோடாலியால் பொந்தின் வாயைப் பிளந்தார்கள். இன்னொருவன் மோட்டார் ரம்பத்தைக் கொண்டுவந்து பக்கவாட்டில் அறுத்தான். பச்சை மரம் அலறியது. அந்த ஹெல்மெட் பையன் புகைக்குள் தலையை விட்டு, கையால் சாம்பலைத் துழாவினான். இருமிக்கொண்டு வெளியே வந்தான், மறுபடியும் நுழைந்தான்.

நான் தடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. இதை எங்கேயும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். என் பிள்ளை சாகக் கிடந்தபோது நான் போகவில்லை. இங்கே யாரோ ஐந்து வெள்ளைக்காரர்கள் நெருப்புக்குள் கையை விட்டு அவனைத் தேடினார்கள். தேடட்டும் என்று நின்றேன்.

எல்லாவற்றையும் கிளறிவிட்டு அந்தப் பையன் என் முன்னால் வந்து, யாரும் இல்லை சார், யாரும் இல்லை என்று சொல்லி அழுதான். நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்தான் பாவம்.

பிறகு ஆர்தர் வந்தான். மரத்தைச் சுற்றி நடந்தான். பட்டை தொங்கியது. தீ தின்றது செத்த கட்டையைத்தான், அதோடு விட்டிருந்தால் இது பிழைத்திருக்கும் என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

6

இதற்குப் பிறகு ஃபாரம்.

என் மேல் இரண்டு குற்றம். காட்டில் தீ வைத்தது ஒன்று, தீயணைப்புப் படைக்குப் பொய்த் தகவல் கொடுத்தது இன்னொன்று. நகரசபை அலுவலகத்தில் ஒருவர் விசாரித்தார். மரியாதையான ஆள். மிஸ்டர் அரோக் என்று கூப்பிட்டு டீ கொடுத்தார். இந்த ஊரில் உன் கழுத்தை அறுப்பவன் முதலில் டீ கொடுப்பான்.

உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்றார். இரண்டு, ஒன்று செத்துவிட்டது என்றேன். அவர் ஒரு ஃபைலைப் புரட்டினார். நாட்டுக்குள் வரும்போது நீங்கள் எழுதிக்கொடுத்ததில் ஒரு பெண் மட்டுமே இருக்கிறாள் என்றார். செத்த பிள்ளையை எதற்கு எழுதுவது என்று எழுதவில்லை என்றேன். செத்ததற்குச் சான்று கேட்டார்.

சான்றுக்கு எங்கே போவது? பிள்ளை பிறந்ததும் வீட்டில், செத்ததும் வீட்டில். கார்ப்பரேஷனுக்குப் போய் நாங்கள் எதையும் பதியவில்லை. சாமியாரிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக் குழி வெட்டுகிறவரிடம் கொடுத்தோம், அவ்வளவுதான். மரியதாஸுக்கு எழுதினேன். அவன் அலைந்து திரிந்து பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டை வாங்கி அனுப்பினான்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனிதர் நெடுநேரம் அதைப் படித்தார். இது பிறந்ததற்குத்தான் சான்று மிஸ்டர் அரோக் என்றார். சேவியர் என்று ஒரு பையன் பிறந்திருக்கிறான். செத்ததற்குச் சான்று இல்லை. அப்படியானால் அந்தப் பையன் இப்போது எங்கே?

மேஜையைக் கவிழ்த்திருப்பேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறு வாரம் குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தாள். எல்லா அறையையும் பார்த்தாள். அலமாரியைத் திறந்து பையன் துணி இருக்கிறதா என்று பார்த்தாள். ரெஜினாவுக்கு இங்கிலீஷ் பேச்சு புரியாது. ஸ்டெல்லாதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். உன் அண்ணன் எங்கே என்று அந்தப் பெண்மணி கேட்டாள். பதினோரு வயது ஸ்டெல்லா, எனக்கு அண்ணன் கிடையாதே என்றாள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தனக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கக்கூடும் என்று என் பெண் தெரிந்துகொண்டது இப்படித்தான், அலமாரியைத் திறந்து பார்த்த ஓர் அதிகாரி மூலம்.

அவள் அதைப் போய்ப் பள்ளியில் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சர் அதிகாரிக்குப் போன் செய்ய, அந்தப் பெண்மணி மறுபடியும் வந்தாள். கிளம்பும்போது, பெண்ணை இந்த வீட்டில் வைத்திருப்பது சரியா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையும் மொழிபெயர்த்தது ஸ்டெல்லாதான்.

கடைசியில் நகரசபை ஆளே வழி சொன்னார். தொழிற்சாலை டாக்டர் ஒரு கடிதம் கொடுப்பார். ஷிப்டு வேலை, உலைச் சூடு, மனக்களைப்பு. இல்லாத ஒரு பையனை இருப்பதாக நினைத்துக்கொண்டேன் என்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஆண் பிள்ளை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றும் அதில் இருக்கும். போட்டால் ஃபைலை மூடிவிடலாம். அந்த ஞானஸ்நானச் சீட்டு வேறு யாரோ சொந்தக்காரப் பையனுடையது என்று எழுதிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். முடியாது என்றேன். ஜெயிலுக்குப் போகிறேன், ஊருக்குத் திருப்பி அனுப்பட்டும் என்று கத்தினேன். ரெஜினா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"இருந்தப்போ நீ வர்ல. இப்போ அவனுக்கோசரம் ஜெயிலுக்குப் போறியா? யாருக்குய்யா வோணும் அது? இருக்கறது ஒண்ணு. அத்தயும் இட்டுகினு போய்டுவாங்க. போய்க் கையெழுத்துப் போடு."

மறுநாள் போய்ப் போட்டேன். நல்ல பேனா கொடுத்தார்கள்.

7

மார்ச்சில் மரத்தை வெட்டினார்கள். பிளந்த மரம் பாதையில் சாயும் என்று ஆபத்துப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அன்று எனக்கு மதிய ஷிப்டு. காலையில் போய் நின்றேன்.

வெட்டி வீழ்த்தியதும் லாரியில் ஏற்றச் சங்கிலி போட்டார்கள். போட்டவனுக்கு வேலை தெரியவில்லை. பொந்து பக்கம் எடை இல்லை, அது அவனுக்குத் தெரியாமல் நட்டநடுவில் போட்டுவிட்டான். தூக்கினால் தலைப்பக்கம் குத்தும், கீழே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கத்தினேன். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய்ச் சங்கிலியை அவிழ்த்து, தலைப்பக்கம் இரண்டு முழம் தள்ளிப் போட்டு, இறுக்கிக் கையைக் காட்டினேன். மரம் சமமாக எழுந்தது. ஆடாமல் லாரியில் போய்ப் படுத்தது.

லாரிக்காரன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். ஆர்தர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் வரவில்லை. பத்து வருஷமாக, நிற்கிற மரங்களைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது எல்லாம் போய், பழைய வேலை மட்டும் கையில் அப்படியே இருந்தது.

காட்டுக்கு இன்னும் போகிறேன். ஓக் நிறைய இருக்கிறது. எதற்கும் பொந்து இல்லை. ஆறுதல் வருகிறதா என்று கேட்டால் வரவில்லை. ஆனால் அறைக்குள் இருப்பதைவிட அங்கே நிற்பது பரவாயில்லை. மரம் ஒருவனை மன்னிக்கும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அதற்கு நம்மைத் தெரியாது. முதலில் எனக்கு அதுதான் பிடித்திருந்தது. இப்போது அதுதான் தாங்கவில்லை.

8

இன்று மெழுகுவத்தி எடுத்துப் போகவில்லை. அடிக்கட்டையின் மேல் உட்காரவும் இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். யாருடைய பெயரைச் சொல்லிச் சொல்வது என்று வந்தபோது நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் ஸ்டெல்லா இருந்தாள். இப்போது பன்னிரண்டு வயது. என் பூட்ஸில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்தாள். காட்டுக்குத்தானே போனீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறாள். நேராகக் கேட்டாள். நிஜமாகவே ஒரு பையன் இருந்தானா?

ரெஜினாவுக்கு அந்த இங்கிலீஷ் மட்டும் புரிந்துவிட்டது. குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். சொல்ல மாட்டாளா என்று நினைத்தேன். அவள் குழம்பை ஸ்டெல்லாவின் தட்டில் ஊற்றினாள்.

"அப்டியெல்லாம் யாரும் இல்லடி. ஸ்கூல்ல போய் எதுனா சொல்லி வெக்காத. துன்னு."

ஸ்டெல்லா அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் நம்புவாள் என்று முகத்தில் தெரிந்தது. சேவியருக்கும் அதே மாதிரிக் கண்தான்.

"நோ" என்றேன்.

அவள் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.